ஜெர்சி இல்லாமலும் வரலாம்: குழுவாகச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு ஓர் உடை வழிகாட்டி

குழுவோடு சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் சைக்கிளைப் பற்றி இருக்காது. “என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?” என்றுதான் கேட்பார்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எது உரசாது, எது வேர்வையில் ஒட்டாது, எது சங்கிலியில் மாட்டாது என்பது ஒன்று. அந்தக் கூட்டத்தில் நான் மட்டும் தனியாகத் தெரிவேனோ என்பது இன்னொன்று. முன்னதற்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். பின்னதுதான் பலரை வீட்டிலேயே உட்காரவைத்துவிடுகிறது.

சனி, ஞாயிறு விடியற்காலையில் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும். திருவான்மியூர் தாண்டியதும் அக்கரை, உத்தண்டி, முட்டுக்காடு என்று வரிசை வரிசையாகப் போவார்கள். உடம்போடு ஒட்டிய ஜெர்சி, கறுப்பு ஷார்ட்ஸ், கண்ணை மறைக்கும் கண்ணாடி. அதே சாலையில், அதே நேரத்தில், இரவுப் பணி முடித்த காவலாளி ஒருவர் காக்கிப் பேன்டின் வலது காலை மட்டும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு வீடு திரும்புவார். பால்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போவார். அவர்களை யாரும் ‘சைக்கிளிஸ்ட்’ என்று சொல்வதில்லை. பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவருக்கு மட்டும் ஏதோ சீருடை இருப்பதுபோல ஒரு தோற்றம் உருவாகிவிட்டது. அப்படி எந்தச் சீருடையும் கிடையாது. எந்த உடை எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போவதற்கு முன் குழுவை விசாரியுங்கள்

உடையைத் தீர்மானிப்பது தூரமும் வேகமும். ஆகவே பணம் செலவழிக்கும் முன் குழுவை நடத்துபவரிடம் இவற்றைக் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர்? சராசரி வேகம் என்ன? எங்கெங்கே நிற்பீர்கள், அங்கே கழிப்பறை உண்டா? பின்தங்குபவரோடு கடைசி வரை ஒருவர் வருவாரா? பல குழுக்களில் அவரை ‘ஸ்வீப்’ என்று அழைப்பார்கள். அப்படி ஒருவர் இருக்கிற குழு புதியவருக்கு ஏற்ற குழு.

மணிக்கு 18, 20 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் என்று பதில் வந்தால் உங்கள் அலமாரியில் இருப்பதே போதும். வேகம் 30-க்கு மேல் என்றால் அது வேறு விளையாட்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அந்த வேகத்தில் படபடக்கும் சட்டை நிஜமாகவே ஆளைப் பின்னுக்கு இழுக்கும். இறுக்கமான ஜெர்சிக்கு ஒரு நியாயம் இருப்பது அங்கேதான். டீ குடிப்பதற்காக முட்டுக்காடு வரை மெதுவாகப் போகிறவர்கள் அதைப் போட்டால் தப்பில்லை, போடாவிட்டால் நஷ்டமும் இல்லை.

“டிராக் பேன்டில் வரலாமா?” என்றும் கேட்டுப் பாருங்கள். “தாராளமாக வாருங்கள்” என்று வந்தால் நல்லது. “வரலாம், ஆனால்…” என்று இழுத்தால் அந்த ‘ஆனால்’ என்னவென்று கேட்டுவிடுங்கள். சில நேரம் அது நியாயமான பாதுகாப்புக் காரணமாக இருக்கும். சில நேரம் வெறும் பந்தாவாக இருக்கும்.

முதல் நாள்: அலமாரியிலிருந்தே

மேலே, ஏதாவது ஓட்டப் பந்தயத்திலோ அலுவலக விழாவிலோ கொடுத்த பாலியெஸ்டர் டி-ஷர்ட். சென்னைக்காரர் வீடுகளில் இப்படி ஒன்றிரண்டு கிடக்காமல் இருக்காது. பருத்திச் சட்டை வேர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இங்கேயுள்ள புழுக்கத்தில் அது காயவும் காயாது. அரை மணி நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்த தூரத்துக்கு அதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை, கொஞ்சம் கசகசக்கும், அவ்வளவுதான்.

கீழே, நீட்சி கொடுக்கும் டிராக் பேன்ட், தடித்த லெக்கிங்ஸ், அரைக்கால் சட்டை எதுவானாலும் சரி. ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். தொடைகள் சேருமிடத்தில் ஜீன்ஸுக்கு நான்கு தையல்கள் வந்து கூடும் ஒரு முடிச்சு இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது. சைக்கிள் இருக்கையில் ஒவ்வொரு மிதிக்கும் அது தன் இருப்பைச் சொல்லும்.

பேன்டின் கால் அகலமாக இருந்தால் வலது காலை மடித்து விடுங்கள், அல்லது காலுறைக்குள் செருகுங்கள், அல்லது ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். சங்கிலி இருப்பது வலப்பக்கம். அந்தக் காவலாளி வலது காலை மட்டும் மடித்திருந்ததும் அதற்காகத்தான். செருப்பு என்றால் பின்வார் உள்ள சாண்டல் சரி, குளியலறைச் செருப்பு கூடாது. ஷூ என்றால் நாடாவின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால்

இங்கேதான் சைக்கிளுக்கென்றே தைத்த உடை தன் பணத்துக்கு வேலை செய்யத் தொடங்குகிறது. முதலில் வாங்க வேண்டியது ஜெர்சி என்று பலர் நினைக்கிறார்கள், வெளியே தெரிவது அதுதானே. உண்மையில் முதலில் வாங்க வேண்டியது யார் கண்ணிலும் படாத ஒன்று: இருக்கையில் படும் இடத்தில் ‘பேட்’ என்ற மெத்தை வைத்த உள் ஷார்ட்ஸ். எந்தப் பேன்டுக்கும் சுடிதாருக்கும் உள்ளே அணியலாம் என்பதால் வெளித்தோற்றத்தை மாற்றாமலே வலியைப் போக்கிவிடும். இறுக்கமான ஷார்ட்ஸில் டீக்கடை முன் நிற்கக் கூசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஏற்கெனவே பேட் ஷார்ட்ஸ் வைத்திருப்பவர் அதன் மேல் தளர்வான ஓர் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டாலும் போதும். ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது அவர்கள் கோளாறு.

புதியவர்களிடம் வெளிப்படையாக யாரும் சொல்லாத விஷயம் ஒன்று: பேட் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி அணியக் கூடாது. பேட் தோலோடு நேராகப் படுவதற்காகவே தையல் இல்லாமல் அமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இன்னொரு துணி போட்டால் அதன் விளிம்பும் தையலும் உரசி, எதற்காகப் பணம் கொடுத்தோமோ அதுவே வீணாகும். முன்காலத்தில் இந்தப் பேட் பதனிட்ட தோலால் ஆனது. இப்போது நுரைப்பஞ்சும் செயற்கைத் துணியும். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. வீடு திரும்பியதும் ஈர ஷார்ட்ஸோடு காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் கொப்புளம் வரும்.

தோள்பட்டி வைத்த ‘பிப்’ ஷார்ட்ஸ் இடுப்பை இறுக்காது, வயிற்றுக்கு இதம். ஆனால் கழிப்பறைக்குப் போக மேலாடையையும் கழற்ற வேண்டியிருக்கும். பெண்களுக்கு இது பெரிய தொல்லை. நீண்ட சாலையில் நல்ல கழிப்பறை கிடைப்பதே அரிது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக் வைத்த ஷார்ட்ஸே அவர்களுக்கு நடைமுறைக்கு உகந்தது. பேட் அமைப்பும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு, பார்த்து வாங்குங்கள். அளவைப் பொறுத்தவரை எல், எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்பாமல் நாடா வைத்து இடுப்பையும் தொடையையும் அளந்து, தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பல வெளிநாட்டு ஜெர்சிகள் பந்தய வீரரின் உடல்வாகுக்குத் தைத்தவை. உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் குறை உங்கள் உடம்பில் இல்லை.

இன்னொன்று, வலி எல்லாமே உடையால் வருவதில்லை. இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி உரசல் வரும். உட்காரும்போது எடையைத் தாங்கும் எலும்புகளுக்கு இருக்கையின் அகலம் போதாவிட்டாலும் வலிக்கும். மெத்தென்ற ஜெல் உறை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அரை மணி தாண்டினால் அது அழுந்தி, தப்பான இடத்தில் முட்டும். முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு உடைக்கு வாருங்கள்.

சுடிதார், புடவை, பர்தா

கோவளம் திருப்பத்துக்கு முன்பு ஒரு டீக்கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். குழுவுக்குப் புதிதாக வந்த இளம்பெண் நீளமான குர்தியும் துப்பட்டாவுமாக இருந்தார். குழுவை நடத்தியவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. புதியவர் மெதுவாக ஆரம்பித்தார்: “அக்கா, எல்லாரும் ஜெர்சியில் இருக்கிறார்களே…”

“அவர்கள் யாரும் பை கொண்டுவரவில்லை. ஜெர்சிக்கு முதுகில் இருக்கிற மூன்று பாக்கெட் வேண்டியிருக்கிறது. உன்னிடம்தான் பை இருக்கிறதே” என்றார் இவர். சொல்லிக்கொண்டே தன் கைப்பையிலிருந்து இரண்டு ஊக்குகளை எடுத்தார். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்து ஓர் ஊக்கு குத்தினார். குர்தியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் இழுத்து, இருக்கையின் முன்நுனியில் மாட்டாதபடி முடிச்சுப் போட்டு இன்னொன்று. ஒரு நிமிட வேலை. “அடுத்த முறை தொடை வரைக்கும் உள்ள குட்டைக் குர்தி இருந்தால் போட்டு வா, இந்த வேலை மிச்சம்” என்பதோடு பேச்சு முடிந்தது. உடையைக் குறை சொல்லவும் இல்லை, ஆபத்தைக் கண்டும் காணாததுபோல விடவும் இல்லை. குழு நடத்துகிறவர்கள் இரண்டு ஊக்கும் நான்கு ரப்பர் பேண்டும் கருவிப் பையில் வைத்திருக்க வேண்டும் என்பேன், பஞ்சர் ஒட்டும் சாமானோடு சேர்த்து.

புடவையிலும் ஓட்டலாம். குறுக்குப் பார் இல்லாத சைக்கிள், முழுச் சங்கிலி மூடி, பின்சக்கரத்துக்கு வலை, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய கொசுவம், இடுப்பில் செருகி ஊக்குக் குத்திய முந்தானை. இவை இருந்தால் 20 கிலோமீட்டர் ஒன்றும் மலை இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் தாங்கள் அன்றாடம் உடுத்தும் உடையிலேயே ஏறி உட்கார்ந்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. முதலில் உடையை மாற்றிக்கொண்டு வா என்று யாராவது நிபந்தனை போட்டிருந்தால் அந்த இயக்கம் முதல் தெருவிலேயே நின்றிருக்கும்.

பர்தா அணிகிறவர்களுக்கு முக்கியமானது கீழ்விளிம்புதான். பேன்டின் மேல் முழங்கால் அளவில் நிற்கும் தளர்வான மேலாடை பாதுகாப்பானது. முழு நீளம்தான் வேண்டும் என்றால், புடவைக்குச் சொன்ன சைக்கிள்தான் இதற்கும்.

உடையை வைத்துக் கதவடைப்பது சைக்கிளைப் போலவே பழைய கதை. 1898-இல் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து ஆக்கம் ஊரில் லேடி ஹார்பர்ட்டன் என்ற பெண்மணி சைக்கிளில் போய் ஹோட்பாய் என்ற விடுதியில் இறங்கினார். பாவாடைக்குப் பதில் முழங்கால் வரையிலான தளர்வான கால்சட்டை அணிந்திருந்தார். அந்த உடையோடு உணவருந்தும் அறைக்குள் வரக் கூடாது, மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் வேண்டுமானால் சாப்பிடலாம் என்று விடுதிக்காரப் பெண்மணி சொல்லிவிட்டார். சைக்கிள் ஓட்டிகள் சுற்றுலாச் சங்கம் அந்த விடுதியின் மேல் வழக்குத் தொடுத்தது. 1899-இல் தோற்றும் போனது. தோற்றாலும் சங்கம் தன் உறுப்பினர் உடைக்காக நீதிமன்றம் ஏறியது என்பதை இன்று குழு நடத்துகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட்: இதில் மட்டும் பேரம் இல்லை

சைக்கிளுக்கு ஹெல்மெட் வேண்டும் என்று நம் மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. பெரும்பாலான குழுக்கள் சொல்லும், சொல்வதும் சரி. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே ‘வி’ வடிவில் சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஓரிரு விரல் நுழையும் இடம் போதும். கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். தாழ்ந்த ஒற்றைச் சடை நல்லது. அதில் மல்லிகை இருந்தால் ஹெல்மெட்டுக்கு ஆட்சேபம் இல்லை. முக்காடு அணிகிறவர்கள் மெல்லிய ஒற்றை அடுக்குத் துணியாகத் தலையோடு ஒட்டிக் கட்டி, ஹெல்மெட் அமரும் இடத்தில் ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் கட்டாயம் என்று சொல்லும் குழுவிடம் இரவல் கொடுக்க ஓரிரண்டு இருப்பது நியாயம். விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இருட்டில் தெரிகிற உடை

விடிவதற்கு முன் ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் கூச்சமில்லாமல் பளிச்சென்று உடுத்த வேண்டும். அதிலும் எங்கே பளிச்சிட வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட இரவுச் சோதனையில், கறுப்பு உடையில் இருந்த சைக்கிள் ஓட்டியைக் கார் ஓட்டிகள் 2 விழுக்காடு முறைதான் கண்டுகொண்டார்கள். ஒளிரும் மஞ்சள் மேலங்கிக்கு 15 விழுக்காடு. ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை வைத்த மேலங்கிக்கு 50. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியபோது 90. மஞ்சள் நிறம் ஒளிர்வது பகல் வெளிச்சத்தில் உள்ள புறஊதாக் கதிரால். இரவில் அது வெறும் மஞ்சள். கணுக்காலோ மிதிக்க மிதிக்க ஏறி இறங்குகிறது. தூரத்திலிருந்தே மூளை அதை மனித அசைவு என்று புரிந்துகொள்கிறது.

ஆகவே விலையுயர்ந்த கறுப்பு ஜெர்சியைவிட, எட்டு முழ வேட்டியை மடித்துக் கட்டிக் கணுக்காலில் இரண்டு பட்டை சுற்றியவர் பாதுகாப்பாக இருக்கிறார். விளக்கும் வேண்டும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு.

எது குழுவின் வேலை, எது உங்கள் வேலை

தொங்கும் துப்பட்டா சக்கரத்தில் சுற்றினால் விழுவது நீங்கள் மட்டும் இல்லை; பின்னால் நெருங்கி வரும் மூன்று பேரும்தான். ஆகவே அது குழுவின் கவலை. ஹெல்மெட், விளக்கு, கட்டாத நாடா ஆகியவையும் அப்படியே. காலுறை எந்த நிறம், எவ்வளவு உயரம், கால் முடியை மழித்தாயா, சட்டை எந்தக் கம்பெனி என்பதெல்லாம் பக்கத்தில் வருபவருக்கு ஒரு தீங்கும் செய்யாது. காலுறை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் விதி வைத்திருப்பது உண்மைதான். அது பந்தய வீரருக்கு. இட்லி சாப்பிடப் போகிறவரை அந்த விதி தேடி வராது.

புதியவர்களை விரட்டுவது பெரும்பாலும் விதி இல்லை, கேலி. “ஐயா, பேங்க்குக்கா கிளம்பிவிட்டீர்கள்?” என்று முழுக்கைச் சட்டையில் வந்த பெரியவரிடம் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்; கெட்ட எண்ணம் இருக்காது. பெரியவரும் சிரிப்பார். அடுத்த வாரம் வர மாட்டார். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையைவிட நல்ல உடை இல்லை என்பது கேட்டவருக்கு ஒன்பது மணிக்குக் கை எரியும்போது தெரிந்திருக்கும். இப்படி யாராவது கேட்டால் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. “இதுதான் எனக்கு வசதி” என்ற ஒரு வரி போதும். தொடர்ந்து நடந்தால் நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவரும் சிரித்து மழுப்பினால் வேறு குழு பாருங்கள், நகரத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்பதில்லை. பெண்களின் உடலையோ உடையையோ பற்றிய பேச்சுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கவே வேண்டாம்.

குழு ஜெர்சி என்று ஒன்று அடிப்பது நல்ல விஷயம்தான், ஆளுக்கு ஆள் நெருக்கத்தைக் கொடுக்கும். கட்டாயமாக்கும்போதுதான் அது வேலியாகிறது. வாங்க முடியாதவர், வாங்க மனமில்லாதவர், தன் அளவு கிடைக்காதவர் எல்லாரும் படம் எடுக்கும்போது ஓரமாக நகர்ந்து நிற்பார்கள். நீங்கள் புதியவரானால், சில மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள். அதற்குள் குழு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கொஞ்ச காலத்தில் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையை நடத்த வேண்டி வரும். அப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பில் ஓடும் பாதையையும் நேரத்தையும் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்த மாதிரி எழுதுங்கள்:

“ஞாயிறு காலை 5.15, திருவான்மியூர். முட்டுக்காடு போய்த் திரும்புகிறோம், வேகம் 18. எந்தச் சைக்கிளும் சரி, கியர் இல்லாததும் சரி. சைக்கிள் உடை தேவையில்லை. சுடிதார், டிராக் பேன்ட், வேட்டி, எதில் வசதியோ அதில் வாருங்கள். தொங்கும் துணியைக் கட்டிக்கொள்ள ஊக்கு எங்களிடம் இருக்கிறது. ஹெல்மெட் கட்டாயம், இரண்டு இரவலுக்கு உண்டு, முன்கூட்டியே சொல்லுங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் வேண்டும். போகும்போதும் வரும்போதும் கழிப்பறை உள்ள இடத்தில் நிற்போம். கடைசியில் வருபவரோடு நம்மில் ஒருவர் எப்போதும் இருப்பார்.”

அனுப்பிய பிறகும் இரண்டு பேர் தனியாக உங்களுக்குச் செய்தி போட்டு, “நிஜமாகவே சுடிதாரில் வரலாமா?” என்று கேட்பார்கள். பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் நாலரைக்கு எழ வேண்டும்.